பதனிக் காலத்தில் பனங்காட்டை நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி: திசையன்விளை முதல் மணப்பாடு வரை

திருநெல்வேலிச் சீமை என்றதும் எல்லோருக்கும் தாமிரபரணியும் வயலும் அல்வாவும்தான் ஞாபகம் வரும். அந்த ஆற்றுப் பாசனம் எட்டாத தெற்குப் பக்கம், கடலை ஒட்டி, செம்மணலும் பனையுமாக இன்னொரு சீமை கிடக்கிறது. திசையன்விளை, இடையன்குடி, உவரி எல்லாம் இன்றும் நெல்லை மாவட்டம். உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, திருச்செந்தூர் ஆகியவை 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்விட்டன. நடப்பவருக்கு இரண்டும் ஒரே காடுதான்.

இந்தப் பக்கம் காரில் வருபவர்கள் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு, மணப்பாட்டில் படம் எடுத்து, வழியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பனைமரம் மட்டும்தான் தெரியும். பனையேறுகிறவரும், பதனி காய்ச்சுகிற விடிலியும், ஓலை முடைகிற திண்ணையும் சாலையிலிருந்து இரண்டு வளைவு தள்ளி இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நடக்க வேண்டும். அதுவும் பனையேறுகிறவரின் நேரத்துக்கு நடக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு விதியை ஒட்டித்தான்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பங்குனி, சித்திரை, வைகாசி. இந்த மூன்றில் ஒன்று. மாசியிலேயே பல இடங்களில் பனையின் பூங்குலையான பாளையைச் சீவத் தொடங்கிவிடுவார்கள், ஆனால் பதனி தாராளமாக இறங்குவது பங்குனிக்கு மேல்தான். சித்திரை வைகாசியில் நுங்கும் சேர்ந்துகொள்ளும். வெயில் கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பதனி இறங்காத மாதத்தில் விடிலிகள் ஓலை சரிந்து பூட்டிக் கிடக்கும். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கார்த்திகையில் வந்தால் பாதி ஊர்களில் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஆனி ஆடியில் காற்று. மேற்கே மலை இடைவெளி வழியாக இறங்கும் காற்று தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் மணலைக் கிளப்பி முகத்தில் அடிக்கும். அந்தச் சமயம் நடை வேண்டாம். ஆவணியில் பனம்பழம் விழும், சுட்டுத் தின்ன ஆசை இருப்பவர்கள் வரலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். இந்தக் கரையில் மழை ஒரேயடியாகக் கொட்டக்கூடியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்து ஊர்கள் தீவாகிப் போனதை யாரும் மறக்கவில்லை. தை மாதம் இரண்டாவது நல்ல தேர்வு. பதனி கிடைக்காவிட்டாலும் பனங்கிழங்கு கிடைக்கும், நாள் முழுக்க நடக்கலாம்.

புரட்டாசியில் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவும், ஐப்பசியில் திருச்செந்தூர் கந்த சஷ்டியும் நடக்கும் நாட்களில் இந்தப் பக்கத்துச் சாலைகள் முழுக்கக் கூட்டம்தான். தசராவுக்கு வேடம் கட்டி வருகிறவர்களைப் பார்க்கவே வரலாம், அது வேறு பயணம். நடையோடு கலக்காதீர்கள்.

தங்குமிடமும் பேருந்தும்

தங்குவதற்குத் திருச்செந்தூர்தான் வசதி. எல்லா விலையிலும் விடுதி உண்டு. விசேஷ நாட்களும் சனி ஞாயிறும் தவிர்த்தால் இடம் கிடைக்கும். நெல்லையிலிருந்து பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் வழியாக ரயில் வருகிறது. திசையன்விளைக்கு நெல்லையிலிருந்து பேருந்து. ஊருக்கு ஊர் பேருந்து இருப்பதால் போன வழியே திரும்பி நடக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் நடங்கள், மறுபக்கம் பேருந்து. காலையில் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதியிருப்பதைவிட டீக்கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கும்.

காலுக்கும் கைக்கும்

கனமான அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம். செருப்பில் வந்தால் உடைமுள் ஏறிவிடும். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புக்கடலை. பனைமட்டையின் இரு ஓரத்திலும் ரம்பப் பல்லாக இருப்பது கருக்கு. வேலியாகக் கட்டியிருக்கும் மட்டையைக் கையால் விலக்கினால் தோல் கிழியும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நிழல் என்று பனையடியில் படுக்காதீர்கள். காவோலையோ காயோ எப்போது விழும் என்று சொல்ல முடியாது. சில்லறையாகப் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். பனங்காட்டுக்குள் க்யூஆர் அட்டையை எதிர்பார்க்க முடியாது.

நடக்கும் நேரம் ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை. அப்புறம் நாலு மணிக்கு மேல். நடுவில் உள்ள நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்.

பனையடியில்

விடிந்தும் விடியாததுமாக மரத்தடியில் இருக்க வேண்டும். பனையேறுகிறவர் அதற்கு முன்பே சில மரங்களை முடித்திருப்பார். இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டியைக் கவனியுங்கள். உள்ளே பாளை சீவும் அரிவாள்கள் இருக்கும். கலயத்துக்குள் பூசச் சுண்ணாம்பும் உடன் போகும். மரத்தில் சாய்த்து வைத்திருக்கும் கட்டை முருக்குத்தடி. அதில் மிதித்து ஏறி, காலில் நார்த்தளை மாட்டி, மரத்தை அணைத்தபடி மேலே போவார். உச்சியில் பாளையை நாளுக்கு நாள் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். சீவிய முனையிலிருந்து சொட்டும் சாறு கலயத்தில் சேரும். காலையில் இறக்குவார், சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளையைச் சீவுவார். ஒரு மரத்துக்கு ஒரே நாளில் இரண்டு ஏற்றம் என்றால், நாற்பது மரம் பார்க்கிறவர் எவ்வளவு ஏறுகிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புதான் இங்கே எல்லாம். கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் சாறு சீக்கிரம் புளிக்காது, அது பதனி. தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அதனால் 'கள் கிடைக்குமா' என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். கேட்ட மாத்திரத்தில் உங்களை ஏதோ துப்பு எடுக்க வந்த ஆள் என்று நினைத்துப் பேச்சை முடித்துவிடுவார்கள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது? 'அண்ணாச்சி, பயினி இருக்கா?' போதும். பதனியை இங்கே பயினி என்பார்கள். வயதானவரானாலும் இளையவரானாலும் அண்ணாச்சி. பெண்களிடம் அக்கா, வயதான பெண்களிடம் ஆச்சி. அவர் கீழே இறங்கி, கலயத்தைக் கவிழ்த்து வடிகட்டும் வரை பொறுத்திருங்கள். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பதும், படம் எடுப்பதற்காக இன்னொரு தடவை ஏறச் சொல்வதும் கூடவே கூடாது. அந்த இரண்டாவது வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் சிலர் கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பதனியைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள். குருத்தோலையை விரித்து மடித்து, முனையைச் சுருக்கிக் கட்டினால் பட்டை. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஒரு கையால் பிடித்தால் ஓலை விரிந்து சட்டையெல்லாம் வழியும். முதல் வாயில் ஓலை வாசனை, பிறகு இனிப்பு, கடைசியில் சுண்ணாம்பின் லேசான கரிப்பு. அடியில் வெள்ளையாகத் தங்கியிருப்பதைக் குடிக்க வேண்டாம், அது சுண்ணாம்பு மண்டி. நுங்கைக் கையாலேயே நோண்டிப் பட்டைக்குள் போட்டுத் தருவார்கள். மாங்காயைச் சீவிப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு மாங்காய் போட்டதுதான் பிடிக்கும். வெறும் வயிற்றில் இரண்டு பட்டைக்கு மேல் வேண்டாம், வயிறு கலக்கிவிடும். பாட்டிலில் பிடித்து மூடி எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். மதியத்துக்குள் மூடி தெறிக்கும், உள்ளே இருப்பதும் பதனியாக இருக்காது.

விடிலி

இறக்கிய பதனி நேரே போவது விடிலிக்கு. பனங்காட்டுக்குள்ளேயே ஓலை வேய்ந்த குடிசை, உள்ளே மண் அடுப்பு, வாய் அகன்ற பெரிய பாத்திரம். காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எரிக்கக் காவோலையும் காய்ந்த பாளையும் மட்டையும். புகை எழுவது தூரத்திலிருந்தே தெரியும், அதை அடையாளமாக வைத்து நடக்கலாம்.

காலை எட்டரை, ஒன்பது மணிவாக்கில் போனால் கொதி நன்றாகக் கிளம்பியிருக்கும். பொங்கி வழியும் நேரத்தில் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். நுரை அப்படியே அடங்கும். மணிக்கணக்கில் கிளறக் கிளற வெளிர் நிறம் தேன் நிறமாகி, பிறகு கறுத்து வரும். பாதியில் எடுத்த கூழ்ப்பதனியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஒரு வாய் கொடுத்தால் மறுக்காதீர்கள். இந்தப் பயணத்தில் கிடைக்கும் ஆகச் சிறந்த தீனி அதுதான், எந்தக் கடையிலும் விற்பதில்லை.

பதம் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார்கள். உருண்டு நின்றால் இறக்கலாம். அடுத்த சில நிமிடம் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். இறக்கி, துடுப்பால் தேய்த்து, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றி முடித்தாக வேண்டும், தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். அந்த நேரத்தில் கேள்வி கேட்காமல் ஓரமாக நில்லுங்கள். எட்டு முதல் பத்து லிட்டர் பதனிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. விறகுக் கூலி, ஏற்றக் கூலி எல்லாம் அதற்குள்தான். இதைப் பார்த்துவிட்டு யாரும் விலை பேரம் பேசுவதில்லை. பனையேறுகிறவர்களில் பலர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நீங்கள் பார்த்த விடிலி அடுத்த பருவத்தில் இருக்குமா என்பதை அந்தந்த வீடுதான் முடிவு செய்யும்.

முதல் நடை: திசையன்விளை, இடையன்குடி, உவரி

ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், தெற்கு நோக்கி, கடலில் முடிவது. தொடங்க இதைவிட நல்ல நடை கிடையாது.

திசையன்விளை பெரிய சந்தை ஊர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிருந்து குலசேகரன்பட்டினத்துக்குச் சிறு ரயில் ஒன்று ஓடியது. அங்கே இருந்த சர்க்கரை ஆலைக்குப் பனைச் சரக்கு ஏற்றவே போட்ட பாதை அது. இன்று தண்டவாளம் கிடையாது, பனை மட்டும் இருக்கிறது. பேருந்து நிலையத்துப் பக்கம் கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு, உவரிச் சாலையில் இறங்கி, முடிந்தவரை சீக்கிரம் தார்ச்சாலையை விட்டு விளைகளுக்குள், அதாவது பனந்தோப்புகளுக்குள் போய்விடுங்கள். காலை நேரத்தில் யாரைக் கேட்டாலும் இடையன்குடிக்குக் குறுக்குப் பாதை சொல்வார்கள்.

இடையன்குடிக்குள் நுழைந்ததும் தெருக்கள் நேர்க்கோடாக இருப்பது கண்ணில் படும். 1841இல் இங்கே வந்து குடியேறிய கிறிஸ்தவ போதகர் கால்டுவெல் திட்டம் போட்டு அமைத்த ஊர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர் அவர்தான். தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 ஆண்டு ஆயிற்று, 1880இல்தான் திறந்தார்கள். உள்ளே தூண், சன்னல் வேலைப்பாடுகளுக்கு அவரே களிமண்ணில் மாதிரி செய்து கொத்தனார்களுக்குக் கொடுத்தார் என்பார்கள். ஓரமாக நின்று அந்தச் செதுக்கலை நிதானமாகப் பாருங்கள், அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு அரசின் நினைவில்லமாக இருக்கிறது. இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போவது நல்லது: பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் அவர் எழுதிய நூல் அந்த மக்களை மிகவும் புண்படுத்தியது. ஊரில் மரியாதையும் அந்தக் கசப்பும் இரண்டுமே பேச்சில் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள்.

அங்கிருந்து உவரி இன்னும் ஒரு மணி நேர நடை. கடல் நெருங்க நெருங்கப் பனை குட்டையாகிக் காற்று தள்ளும் பக்கம் சாய்ந்திருக்கும். உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில், அந்தோணியார் கோயில், கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில். சுவாமி கோயிலில் நேர்ச்சை வைத்தவர்கள் கடல் மணலை ஓலைப்பெட்டியில் சுமந்துவந்து கரையில் கொட்டுவதைப் பார்க்கலாம். பத்து மணிக்குள் முடித்துவிட்டுப் பேருந்து பிடியுங்கள். அதற்கு மேல் அந்த மணலில் நிற்க முடியாது.

இரண்டாம் நடை: உடன்குடி, குலசை, மணப்பாடு

இதுவும் அரை நாள் நடைதான். முதல் பாதி சாதாரணம், இரண்டாம் பாதிக்காகத்தான் வருகிறோம். திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகவே குலசை வரை நடந்துவிடலாம் என்று சிலர் கேட்பார்கள். கல்லாமொழிப் பக்கம் அனல்மின் நிலைய வேலைகளால் அந்தக் கரை இப்போது நடைக்கு லாயக்கில்லை. அதனால் பேருந்தில் உடன்குடி போய், அங்கிருந்து தொடங்குங்கள்.

உடன்குடியில் கருப்பட்டி மண்டிகளைப் பாருங்கள், ஆனால் வாங்க வேண்டாம், சுமையாகிவிடும். குலசைக்கு நாலைந்து கிலோமீட்டர். முத்தாரம்மன் கோயிலும் கடற்கரையும் விசேஷமில்லாத நாட்களில் அமைதியாக இருக்கும். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இந்தப் பக்கத்தில்தான் 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலி போட்ட இடங்களைச் சுற்றிப் போங்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

குலசையிலிருந்து பார்த்தால் மணப்பாட்டுக் குன்றும் கோயிலும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கரையோரமாகவே போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் ஊரை ஒட்டிக் கழி (கடல் நீர் தேங்கும் உப்பங்கழி) இருக்கிறது, தண்ணீர் நிற்கும் காலத்தில் கடக்க முடியாது. மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் சாலைதான்.

மணப்பாட்டுக் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், 1581இல் கட்டியது. குன்றின் கடல் பக்கம் புனித சவேரியார் 1542இல் தங்கிய குகை, உள்ளே நல்ல தண்ணீர்க் கிணறு. செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிய நாட்களில் நெரிசல். மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குக் குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அசையாத கழி, கீழே படகுகள், கழிக்கு அப்பால் பனங்காடு என்று மொத்தச் சீமையும் தெரியும். இறங்கி வந்து ஊருக்குள் திண்ணைகளைப் பாருங்கள். பனையோலைக் கைவினைக்குப் பேர்போன ஊர் இது. கொட்டான், பெட்டி எது வாங்கினாலும் முடைந்தவரிடமே வாங்குங்கள்.

தேரி

காயாமொழி, தேரிக்குடியிருப்பு, குதிரைமொழிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல் மேடு. மணலில் படிந்த இரும்புத் துருதான் அந்த நிறத்துக்குக் காரணம். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகைக் கடைசியில் நடக்கும் கள்ளர் வெட்டு என்ற சடங்குக்குப் பிறகு அந்த மணலைப் பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

இங்கே தனியாக நடக்காதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு மேடு மாதிரியேதான் அடுத்த மேடும், நீங்கள் வந்த கால்தடத்தைக் காற்று அழித்துவிடும். முந்திரிக் காட்டுக்குள் திசை சுத்தமாகப் போய்விடும். பல பகுதி வனத்துறைக்குச் சொந்தம். ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கூலி பேசி, சூரியன் ஏறுமுன் ஒரு மணி நேரம் நடந்து திரும்பினால் போதும். மேலபுதுக்குடி பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் தேரிக்கு நடுவிலேயே சுனை இருக்கிறது. அந்த நிழலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

நாள் மிச்சமிருந்தால் ஒரு காலை ஆற்றங்கரைக்கு ஒதுக்குங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலிறங்கி ஆழ்வார்திருநகரி வரை வாழைத் தோட்டங்களின் ஓரமாக நடந்து, நம்மாழ்வாரின் உறங்காப்புளி என்ற புளியமரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பலாம். தேரியில் நடந்த மறுநாள் போனால் இரண்டும் ஒரே சீமைதானா என்று தோன்றும்.

கடைசி நாள்: கருப்பட்டி வாங்குவது

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதனாலேயே அந்தப் பெயரில் சீனி கலந்த சரக்கும் ஓடுகிறது. விடிலியில் உங்கள் கண் முன் ஊற்றியதை வாங்குவதுதான் உத்தமம். கடையில் என்றால் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மங்கலாக, அடர்ந்த நிறத்தில் இருக்க வேண்டும். பொடிப்பொடியாக மினுங்கினால் சீனி. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான உப்புக்கரிப்பு வர வேண்டும், வெறும் தித்திப்பு மட்டும் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். விலை சீனிக்குப் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான். சில்லுக் கருப்பட்டியும் சுக்கு சேர்த்ததும் வழியில் கடித்துக்கொள்ள நல்லவை, காபிக்கு வட்டுக் கருப்பட்டிதான்.

பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், வியர்த்து இளகிவிடும். ஓலைப்பெட்டியிலோ துணிப்பையிலோ கொண்டுபோய், வீட்டில் ஈரமில்லாத மண்பானையில் போட்டு மூடி, அடுப்படியில் உயரமான இடத்தில் வையுங்கள். அந்தக் காலத்தில் புகை படும் பரணில் வைத்தார்கள். கேஸ் அடுப்பு வீட்டில் மழைக்காலம் வந்ததும் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, இளகியிருந்தால் வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து மறுபடி மூடிவிடுங்கள்.